தெரிஸ்ஸியப் பெண்

தெரிஸ்ஸா
1933 அக்டோபர் 9

அன்புள்ள தம்பி ப்ரோத்ரோமோஸ்,

நம் அம்மாவை உன் வெதர்பி துரை தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்றபடி நான், அனெஸ்திஸ், குழந்தை மூவரும் சுகம். நீ சுகமா? லண்டன் குளிருக்குக் கம்பளி வாங்கினாயா?

புகையிலைக் கிடங்கில் வேலை முடிந்து கவாலாவிலிருந்து நேற்றுதான் ஊர் திரும்பினேன். வழக்கம்போல மூட்டையை வீட்டில் எறிந்துவிட்டு, அம்மா விளக்குக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு கடலோரம் பழங்கால ஊரின் இடிந்த மதிலடிக்குப் போனேன். அம்மா இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பாலாடைக் கட்டியைக் கத்தியால் வெட்டியது போல நாலு பக்கமும் நேராக, சுத்தமாக. அடையாளத்துக்கு நான் சுண்ணாம்பு பூசி வைத்த கல், வெட்டிப்போட்ட மண்ணோடு கிடந்தது.

நாம் அகதிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் செத்தவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் தங்கள் கல்லறையில் இடம் தரவில்லை. அதனால்தான் மதிலடி. அதுவும் இப்போது யாருக்கோ வேண்டியிருக்கிறது. தோண்டியவர்கள் நம் ஆட்கள் இல்லை. நாங்களெல்லாம் கிடங்கில் இருந்த மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள். கங்காணி கிளியாந்திஸிடம் கேட்டேன்.

"அங்க எங்கம்மா இருந்தாங்கய்யா."

"யாரு சொன்னா? கூரை ஓடு வச்சு மூடின குழி அது. ரெண்டாயிரம் வருஷத்துக் குழி. பார்த்த உடனே துரை தொப்பியக் கழட்டிட்டாரு."

"ஓடு வச்சு மூடினதே நான்தான்."

"நீயா? அப்ப உனக்கு ரெண்டாயிரம் வயசா? பரவால்ல, நல்லாத்தான் வச்சிருக்க உடம்ப."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, நம்மவர்களும் உண்டு.

நீ அந்தத் துரையின் அலுவலகத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாய். தோண்டி எடுத்தவற்றை ஏற்றிய பெட்டிகள் எங்கே போயின என்று கேட்டு உடனே எழுது. எலும்பெடுத்து மதுவில் கழுவி, பெயர் எழுதிய பெட்டியில் வைத்துக் கோயிலில் சேர்க்க, மகன் வரட்டும் என்றுதான் இத்தனை வருடம் காத்திருந்தேன். காத்திருந்தது தப்பாகிவிட்டது.

குழந்தை உனக்கு முத்தம் தரச் சொல்கிறாள். இரண்டு கன்னத்திலும்.

உன் அக்கா
எவாந்தியா


லண்டன்
1933 அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதமும் உன்னுடையதும் நடுவழியில் ஏதோ ஒரு ரயிலில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்து போகலாம். நீ கிடங்கிலிருந்து திரும்பியிருப்பாய். புகையிலைத் தூசியில் உன் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலம். கம்பளி வாங்கிவிட்டேன்.

இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம். எதிர்வீடு இல்லை, தெரு இல்லை. ஆட்கள் மூட்டத்திலிருந்து முளைத்து, இரண்டு அடி நடந்து, மறுபடி மூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

வெதர்பி துரையின் புத்தகத்துக்காக நான் சொல் சேர்க்கிறேன். பழைய கிரேக்க ஊர் ஒவ்வொன்றின் மனிதனையும் ஆங்கிலத்தில் எப்படி அழைக்கிறார்கள் என்று. ஸ்பார்ட்டாக்காரன் ஸ்பார்ட்டன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிற எவனுக்கும் இன்று இங்கே அதுதான் பெயர். சிபரிஸ் ஊர்க்காரன் சிபரைட். மெத்தையில் ரோஜா இதழ் மடங்கிக் கிடந்தால் தூக்கம் கெடுகிற சொகுசுக்காரன். கொரிந்தியன் என்றால் அப்பன் சொத்தை அழிக்கும் மைனர். நம் பக்கத்து அப்திராக்காரன் அப்டரைட். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? மடையன்! ஊர் மண்ணாகிவிட்டது. ஊர்க்காரன் மட்டும் ஒரு சொல்லாகி லண்டன் தெருவில் குடை பிடித்து நடக்கிறான்.

நம் தெரிஸ்ஸாவுக்கு மட்டும் எந்த அகராதியிலும் சொல் இல்லை. துரை என்னிடம் கேட்டார். நான்தான் செய்து கொடுத்தேன்: தெரிஸ்ஸியன். அவர் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "நல்லா உருளுதே" என்றார். இனி அது ஆங்கிலச் சொல், அக்கா. நான் போட்டது.

இன்னொரு செய்தி. இந்தக் கோடையில் நம் ஊரில் எடுத்த பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒரு பெண் இருக்கிறாள். ஓடு மூடிய குழியில் கிடைத்தவள். அவள் உதடு இருந்த இடத்தில் கறுப்பு மெருகு போட்ட ஒரு பானை ஓடு. அதன் மேல் கை எடுக்காமல் ஒரே கோடாக இழுக்கிற ஐந்துமுனை நட்சத்திரம். ஒரு முனை மட்டும் எல்லை தாண்டி நீண்டு ஓடுகிறது. பித்தகோரஸின் சீடர்கள் போட்ட அடையாளம் இது, இவள் ஒரு ஞானியின் மனைவி அல்லது ஞானியே என்கிறார் துரை. அவளைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதப்போகிறார். ஒரு பேராசிரியர் வந்து அவள் தலையை அளந்தார். அப்பழுக்கில்லாத பழைய தெரிஸ்ஸிய வடிவம் என்றார். இன்று அங்கே குடியிருக்கும் அகதிகளுக்கும் இவளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்றார். நானும் அந்த அகதிகளில் ஒருவன் என்று அவருக்குத் தெரியாது. நான் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் சற்று நேரம் அவளோடு உட்கார்ந்திருப்பேன். காரணம் தெரியவில்லை. அந்த நிலவறையில் அவள் பக்கம் மட்டும் கடல் வாசனை அடிக்கிறது.

புத்தகம் வெளிவந்ததும் எனக்கு இங்கே நிரந்தர வேலை என்று துரை சொல்லியிருக்கிறார். அனெஸ்திஸுக்கு வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

உன் தம்பி
ப்ரோத்ரோமோஸ்


தெரிஸ்ஸா
1933 அக்டோபர் 30

தம்பி,

நாங்கள் நலம். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அது ஞானியின் மனைவி இல்லை. மீன்வலை பின்னுகிறவனின் மனைவி. சுல்தானா. உன்னைப் பெற்றவள்.

அந்த நட்சத்திரத்தைப் போட்டவள் நான். செத்தவர் உதட்டில் ஓட்டுத்துண்டு வைத்து நட்சத்திரம் கீறாவிட்டால் கெட்டது உள்ளே புகுந்துவிடும் என்பது கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த நம் அய்வாலி ஊர் வழக்கம். உனக்கு அது தெரிய நியாயமில்லை. நீ அன்று அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாய். அடுத்த மாதமே உன்னை ஏதென்ஸ் அனாதைப் பள்ளிக்கு ஏற்றிவிட்டார்கள். சவப்பெட்டிக்குப் பலகை இல்லை. மதிலடியில் பழைய கூரை ஓடுகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்து மூடினேன். பானை ஓடும் அங்கே பொறுக்கியதுதான். ஆணியால் கீறினேன். விரல் விறைத்துப்போய், கடைசிக் கோடு வழுக்கி ஓடிவிட்டது. பாதிரியார், "போதும்மா, கடவுளுக்குப் புரியும்" என்றார். உன் துரைக்குப் புரியவில்லை.

துருக்கியில் நம்மைக் கிரேக்கர்கள் என்று துரத்தினார்கள். இங்கே வந்ததும் துருக்கி விதை என்றார்கள். இப்போது செத்தவளை மட்டும் அப்பழுக்கில்லாதவள் என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுக்க விடாத கிணறு இதே ஊரில்தான் இருக்கிறது.

நாளைக் காலையிலேயே துரையிடம் போய்ச் சொல். "அது எங்கம்மா." அவ்வளவுதான். அதற்கு ஆங்கிலம் உனக்குத் தெரியும்.

உன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்.

எவாந்தியா


லண்டன்
1933 நவம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதச் சற்றுத் தாமதமாகிவிட்டது. இங்கே அச்சுப் பிரதிகள் வந்து குவிந்துவிட்டன.

நீ எழுதியதை யோசித்தேன். ஐந்துமுனை நட்சத்திரம் உலகம் முழுவதும் இருக்கிறது. ஓடு மூடிய குழிகளும் நம் கரையில் ஏராளம். பழையவர்களும் அப்படித்தான் புதைத்தார்கள். பள்ளங்கள் அருகருகே இருக்கும்போது எது யாருடையது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு தப்பாகிப்போனால் உனக்குத்தான் மனக்கஷ்டம்.

மூட்டம் கலைந்துவிட்டது. அதற்குப் பதில் மழை.

ஒரு கேள்வி, சும்மாதான் கேட்கிறேன். அம்மாவுக்கு இடது கை எப்போதாவது உடைந்ததா?

ப்ரோத்ரோமோஸ்


தெரிஸ்ஸா
1933 டிசம்பர் 15

தம்பி,

பண்டிகை வருகிறது. உனக்குத் தேன் பணியாரம் அனுப்பலாம் என்றால் லண்டன் போவதற்குள் கல்லாகிவிடும். நாங்கள் நலம், என் இருமல் பரவாயில்லை.

உடைந்தது. இடது கை, முழங்கைக்குக் கீழே. அய்வாலித் துறைமுகத்தில், கூட்டம் நெருக்கித் தள்ளியபோது, உன்னைப் படகுக்குள் வீசிவிட்டுத் திரும்பினாள். பலகைப் பாலம் சரிந்து அவள் கைமேல் விழுந்தது. கப்பலில் ஒரு கிழவர் கட்டுப் போட்டார். கோணலாகச் சேர்ந்தது. சாகும்வரை அந்தக் கையால் தலை பின்ன முடியவில்லை, நான்தான் பின்னிவிட்டேன்.

நீ சும்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நம் பக்கத்து ஊர்க் கதையையும் கேள். அப்திராவிலிருந்து கம்பளி விற்க வருவாரே பனாகிஸ், அவரிடம் சொன்னேன். "இங்கிலீஷ்காரங்க அகராதியில உங்க ஊர்க்காரன்னா மடையன்னு போட்டிருக்காம்."

அவர் தலையைச் சொறிந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"பழைய காலத்து ஆளுங்களச் சொல்றாங்களாம். உங்கள இல்ல."

"இல்லம்மா, எங்களத்தான். போன வருஷம் படம் எடுக்க வந்த துரைக்கு ஊரே சேர்ந்து அத்திப்பழம், ஆட்டுக்குட்டி, ஒயின்னு தூக்கிக் குடுத்தோம். கிளம்பறப்ப கோயில் வாசப்படியில இருந்த எழுத்துக் கல்ல வண்டியில ஏத்திட்டுப் போனான். நாங்கதான் கீழ நின்னு தூக்கிவிட்டோம். அகராதி சரியாத்தான் சொல்லுது."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் அம்மா கனவில் வந்தாள். காலெல்லாம் ஈரம். வாசலிலேயே நின்றாள். "எவாந்தியா, யாரோ என்னை வேற பேர்ல கூப்பிடறாங்க. பதில் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஆன்மாக்களின் சனிக்கிழமை, செத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். லாசரோஸ் பாதிரியார் அன்று மதிலடிக் குழிகளில் மிச்சமிருக்கும் எல்லோருடைய எலும்புகளையும் எடுத்துக் கோயிலில் வைக்கப்போகிறார். அதற்குள் அவள் வந்து சேர வேண்டும்.

உன் அக்கா


லண்டன்
1934 பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபப்படாதே. காய்ச்சல் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழும். ஒரு வரி எழுதியதும் அது என்னுடையதல்ல என்று தோன்றும்.

நானும் ஒரு கனவு கண்டேன். தெரிஸ்ஸா முழுதாக நின்றது. மதில் வெள்ளையாக, உயரமாக. வாசலில் காவல் இல்லை. உள்ளே ஓர் ஊற்று. பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவும் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்த்து, இடம் விட்டு, குடத்தைத் தூக்கித் தலையில் வைக்கிறாள். எங்கிருந்து வந்தாய் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அம்மாவின் இரண்டு கைகளும் நேராக இருந்தன. தலை பின்னியிருந்தது.

அக்கா, நீ யோசித்துப் பார். அவள் வாழ்ந்த எந்த ஊரிலும் அவளை அந்த ஊர்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. இங்கே கண்ணாடிக்குள் ஒரு பெண் இருக்கிறாள். மெல்லிய விளக்கு. கீழே பஞ்சு. பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அவள் பக்கத்தில், தெரிஸ்ஸிய மண்ணின் மகள் என்று எழுதியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு என்ன வைப்பது? அகதி என்றா? மதிலடியில் கிடந்தவள் என்றா?

நான் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன். வேறு யாரைப் பற்றியும் அல்ல.

புத்தகம் கோடையில் வருகிறது. எல்லாம் நல்லபடி முடியட்டும். குழந்தைக்குப் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி


தெரிஸ்ஸா
1934 மார்ச் 5

தம்பி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ அனுப்பிய புத்தகத்தில் குழந்தை முயல் படத்துக்கு மீசை வரைந்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்து போய்விட்டது. மதிலடியில் தப்பித்த குழிகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு வீடும் தன் ஆட்களை மடியில் வைத்து மதுவில் கழுவியது. தெஸ்பினாக் கிழவி தன் மகனின் தலையைக் கழுவிக்கொண்டே, "பாரு, பல்லு ஒண்ணுகூட விழல என் ராசாவுக்கு" என்று எல்லோரிடமும் காட்டினாள். நான் அம்மா பெயர் எழுதிய பெட்டியோடு போயிருந்தேன். காலிப் பெட்டி. பாதிரியார் அதற்கும் தூபம் காட்டினார். நான் வேகவைத்த கோதுமைப் படையலைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நல்ல கனவு கண்டிருக்கிறாய். அதில் அம்மாவுக்குக் குடம் தூக்கிவிட்டார்கள். அவள் செத்த வீதியில் நான் நடக்கிறேன்; எனக்கு இன்றும் யாரும் தூக்கிவிடுவதில்லை. மரியாதை வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும், பிறகு ஆள் தெரியாமல் போக வேண்டும். அப்படித்தானே நீ சொல்கிறாய்? கண்ணாடிக்குள் இருப்பது அம்மா இல்லை, அவர்களுக்கு வேண்டிய யாரோ. அம்மாவுக்கு வேண்டியது கோயிலில் நம்மவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, வருடத்துக்கு ஒரு தடவை அவள் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஒரு வாய்.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் கிடங்கு வேலைநிறுத்தங்களில் கற்றதை இங்கே செய்தேன். அகழ்வு வேலை போன வாரம் தொடங்கியது. இந்தத் தடவை நம் ஆட்கள்தான் தோண்ட வேண்டும். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணி கிளியாந்திஸ் வந்தான்.

"என்னங்கடா இது, கோழி அடைகாக்கிற மாதிரி?"

என் வீட்டுக்காரர் சொன்னார்: "எங்க செத்தவங்களத் திருப்பிக் குடு. கூடையைத் திருப்பி வைக்கிறோம்."

"அதெல்லாம் பழங்காலத்து ஆளுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"எங்க மாமியா பழங்காலந்தான்யா. ஒத்துக்கறேன். ஆனா அவ்வளவு பழசு இல்ல."

உள்ளூர்க்காரர்களும் நம்மோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், தம்பி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கிணற்றடியில் என்னிடம் பேசாத கத்தீனா, உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு பானை அவரைக்காய்ச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "உங்கம்மாவுக்கு அன்னிக்குத் தண்ணி தராதது எங்க மாமியாதான்" என்று சொல்லிப் போனாள்.

துரைக்குத் தந்தி போயிருக்கிறது. அவர் வரட்டும். நேராகவே கேட்கிறேன்.

எவாந்தியா


லண்டன்
1934 ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

நலம், நலமே நாடுகிறேன். துரை மே மாதம் வருகிறார். ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டி வருகிறார்.

வாசலில் வைத்து என்னோடு சண்டை போடாதே. எல்லோர் முன்னிலையிலும் நீ சொல். நான் மொழிபெயர்க்கிறேன்.

நம் கடலைப் பார்க்கப்போகிறேன்.

ப்ரோத்ரோமோஸ்


தெரிஸ்ஸா
1934 ஜூன் 17

அருமைத் தம்பி,

நல்லபடி லண்டன் போய்ச் சேர்ந்தாயா? இளைத்திருந்தாய். அங்கே யார் சமைத்துப் போடுகிறார்கள்?

நீ கிளம்பிய மறுநாளே எல்லோரும் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். "ஆராய்ச்சி முடிஞ்சதும் எல்லாரையும் திருப்பி அனுப்பறதா துரை வாக்குக் குடுத்துட்டாரு" என்று நீ கோயில் படியில் நின்று சொன்னதை அனெஸ்திஸ் காப்பிக்கடையில் தினமும் நடித்துக் காட்டுகிறார். என் பழைய கடிதங்களில் உன்னை ஏசியதற்கு மன்னித்துக்கொள். பெட்டிக்கு நீல வண்ணம் அடித்துக் காயவைத்திருக்கிறேன்.

எந்தக் கப்பலில் வருகிறாள் என்று மட்டும் எழுது. துறைமுகத்துக்கு நானே போவேன்.

உன் எவாந்தியா


தெரிஸ்ஸா
1934 செப்டம்பர் 26

ப்ரோத்ரோமோஸ்,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை.

வெதர்பி துரை நேற்று வந்தார். நீ வரவில்லை. உனக்கு நிரந்தர வேலை ஆகிவிட்டது, புத்தகம் நன்றாகப் போகிறது என்று சொன்னார். வாழ்த்துக்கள். விருந்தாளிகளாக இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் கூட வந்தார்கள். மொழிபெயர்க்கப் புதிதாக வந்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்துக்கொண்டார்கள்.

நான் அவரைக்காய் உரித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். துரை என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விருந்தாளிகளை இழுத்துக்கொண்டு வந்தார். வாத்தியார் கிரேக்கத்தில் சொன்னார்: "அம்மா, உங்களத்தான் பார்க்கணும்னு அவங்களுக்கு ஆசையாம். மே மாசம் நீங்க சொன்னது துரைக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அதை இவங்களுக்கும் ஒரு தடவ சொல்லணுமாம்."

"எத?"

"பழங்காலத்துப் பொம்பளைங்க எல்லாரையும் இந்த ஊர்ப் பொம்பளைங்க அம்மான்னுதான் சொல்லுவாங்களாமே. அவங்கள நெனச்சு வருஷா வருஷம் அழுவீங்களாமே. ரொம்ப அழகான வழக்கம்கறாரு. புத்தகத்துலயும் போட்டிருக்காராம்."

நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த அவரைக்காய் எல்லாம் படியில் கொட்டிற்று. வாத்தியாரிடம் சொன்னேன்: "நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. வழக்கம் இல்ல. கதை இல்ல. அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறது என்னைப் பெத்தவ. பேரு சுல்தானா. நான்தான் பொதச்சேன். அந்த நட்சத்திரத்தக் கீறினவளும் நான்தான்."

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. நல்ல பையன். ஒரு சொல் விடாமல் சொன்னான் என்றே நம்புகிறேன். சொல்லி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? துரை நெஞ்சில் கை வைத்து, கண் கலங்கி, விருந்தாளிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பெண் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "இதைத்தான் சொன்னேன், பாருங்க, எவ்வளவு உருக்கமா சொல்றா" என்கிறாராம் துரை. வாத்தியார் மறுபடி ஏதோ ஆங்கிலத்தில் கத்தினான். அவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். வெயிலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம், நானும் வாத்தியாரும் தவிர.

இனி நான் எத்தனை தடவை சொன்னாலும் அது வழக்கம்தான். எந்த மொழியில் சொன்னாலும் அழகுதான். இந்த ஊர் முழுக்கக் கத்தினாலும் அவர் எழுதிக்கொள்வார்.

மே மாதம் கோயில் முற்றத்தில் நீ எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாய். நான் சொன்னேன்: "ஐயா, அந்தப் பெட்டியில இருக்கறது எங்கம்மா. இதோ நிக்கிறானே, இவனுக்கும் அம்மா." ஊரே கேட்டது. நீ கடல் பக்கம் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாய். ரொம்ப நேரம் சொன்னாய். அவர் புன்னகைத்தார். ஒரு மனிதனிடம் அவன் அலுவலகத்தில் இருப்பது உன் தாய் என்று சொன்னால், அவன் எந்த நாட்டானாக இருந்தாலும் அப்படிப் புன்னகைக்க மாட்டான். எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

வாக்குக் கொடுத்துவிட்டார் என்று படியில் நின்று சொன்னாயே, அதையும் வாத்தியாரை விட்டுக் கேட்டேன். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. எதைத் திருப்பி அனுப்புவது என்று கேட்டார்.

அனெஸ்திஸிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பள்ளத்தில் நின்று தோண்டிக்கொண்டிருக்கிறார். உன் வார்த்தையை நம்பி இறங்கியவர்.

உன் வேலையை விடச் சொல்லவில்லை. ஊருக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, உன் அக்கா எவாந்தியா கேட்கிறேன்: அன்று நான் சொன்னதை அவரிடம் என்னவென்று சொன்னாய்? நீ சொன்ன ஆங்கிலத்தை ஒரு சொல் விடாமல், அதே வரிசையில் எழுதி அனுப்பு.